எட்டாவது ஆள் வரும்வரை

சனிக்கிழமை இரவு பத்து மணி. ஆன்லைன் ஆட்டத்துக்கு ஆட்கள் சேருகிற லாபி திறந்திருக்கிறது. எட்டு இடத்தில் ஏழு நிறைந்துவிட்டது. எட்டாவது ஆள் "அஞ்சே நிமிஷம்" என்று சொல்லி இருபது நிமிஷம் ஆகிவிட்டது. ஒரு வாரம் அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கும், ஒரு வாரம் குழந்தை தூங்கியிருக்காது, ஒரு வாரம் ஹெட்செட் மக்கர் பண்ணும். யார் அந்த எட்டாவது ஆள் என்பது மட்டும் வாராவாரம் மாறும். அதுவரை மீதி ஏழு பேரும் என்ன செய்வது? காவிரியைப் பங்கு போட்டிருக்கிறோம். நீட் தேர்வை இரண்டு முறை ரத்து செய்து ஒரு முறை திரும்பக் கொண்டுவந்திருக்கிறோம். பெட்ரோல் விலையை ஒரே ராத்திரியில் பாதியாக்கியிருக்கிறோம். அப்புறம் எட்டாவது ஆள் வந்துவிடுவார். நாட்டை அப்படியே போட்டுவிட்டு ஆடு தேடப் போய்விடுவோம்.

நாங்கள் ஆடுவது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம். 1999ல் வந்த ஆட்டம். ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் உங்கள் கையில் ஒரு டவுன் சென்டர், மூன்று கிராமத்தார், குதிரை மேல் ஒரு வேவுக்காரன். ஆட்டை அறுத்து, காட்டுப்பன்றியை அடித்து, மரம் வெட்டி, வயல் போட்டு, தங்கமும் கல்லும் தோண்டி, யுகம் யுகமாக மேலே ஏறி, கடைசியில் 200 தலை கொண்ட ஊரையும் படையையும் ஒரே ஆளாகக் கட்டி மேய்க்க வேண்டும். அதற்கு மேல் ஒரு தலை கூடாது. எங்கள் குழுவுக்குப் பெயரே "இருநூறுக்கு இருநூறு". நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது விருதுநகரில், ஒரு பிரவுசிங் சென்டரில். மணிக்கு இருபது ரூபாய். ஆறு கம்ப்யூட்டர், அதில் ஒன்று என்றைக்கும் ரிப்பேர். இந்த ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. சாட்டில் வெறும் எண்ணைத் தட்டினால் எல்லோருக்கும் ஒரு குரல் கேட்கும். 3 தட்டினால் உணவு கேட்பது, 5 தங்கம் கேட்பது, 11 ஒரு கோணல் சிரிப்பு, 14 "ஆட்டத்தை ஆரம்பிங்கப்பா" என்கிற சலிப்பு, 30 தட்டினால் எதிராளியின் ஆளை மதம் மாற்றும்போது சாமியார் முனகுகிற "வொலோலோ". இந்தக் குரல்களெல்லாம் ஒரு ஃபோல்டரில் சாதாரண எம்பி3 கோப்புகளாகக் கிடந்தன. சென்டர் அண்ணன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வடிவேலு குரலாக மாற்றிவைத்திருந்தார். எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி காப்பி பண்ணியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் இங்கே தட்டுகிற எண்ணுக்கு எதிர் வரிசையில் வெள்ளைக்காரன் குரல்தான் கேட்கும், மானம் போய்விடும்.

அந்தச் சென்டர் சுவரில் ஓர் அட்டை தொங்கியது. "இங்கு அரசியல் பேசாதீர்." சலூனிலும் டீக்கடையிலும் தொங்குமே, அதே அட்டை. அப்படி எழுதி மாட்டியிருந்தால் அங்கே அது ஜோராக நடக்கிறது என்று அர்த்தம்.

இப்போதைய குழு அந்தச் சென்டர் பையன்கள் இல்லை. ஆன்லைனில் ஒவ்வொருவராக ஒட்டிக்கொண்டவர்கள். மூத்தவர் செந்தில் அண்ணன், கோயம்புத்தூரில் லேத் பட்டறை. பேச்சில் ஒரு "ங்க" குறையாது. மூன்று தலைமுறையாக ஒரே கட்சி. தாத்தா 1965 இந்தி எதிர்ப்பில் உள்ளே போய் வந்தவர். அடுத்து முத்து, சிவகங்கைக்காரன், மஸ்கட்டில் வேலை, தீவிரத் தமிழ்த்தேசியம். பேசும்போது மைக் அதிரும். மஞ்சு என்கிற மஞ்சுநாத், ஹம்பிக்குப் பக்கத்து ஹொசபேட்டையில் பிறந்து பெங்களூரில் தமிழ் கற்றுக்கொண்டவன். பிரியா திருச்சியில் ஒரு வங்கியில் இருக்கிறாள், எங்கள் எட்டுப் பேரில் உருப்படியாக ஆடத் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு சகோதரர்கள். அவர்கள் பேசி நான் கேட்டதில்லை, ஒருவன் 11 தட்டுவான், இன்னொருவன் 11 தட்டுவான், அவ்வளவுதான். அப்புறம் ரிஷி, கொழும்பு வெள்ளவத்தை. எட்டாவது நான்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்களை மாற்றவில்லை, மாற்றினால் பேச்சு ஒத்துவராது.

இப்படி ஆட்டத்துக்கு நடுவே அரசியல் பேசுவது நாங்கள் கண்டுபிடித்ததில்லை. டிப்ளமசி என்று ஒரு பலகை ஆட்டம், முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவில் ஏழு வல்லரசுகள், பகடையே கிடையாது, பேச்சுவார்த்தையும் துரோகமும்தான். 1963ல் நியூயார்க் புரூக்ளினில் ஜான் போர்ட்மேன் என்ற இயற்பியல் பேராசிரியர் அதைத் தபாலில் ஆட ஏற்பாடு செய்து, 'கிராஸ்டார்க்' என்று ஒரு சுற்றிதழ் நடத்தினார். ஆளுக்கொரு ஊரில் இருந்து கடிதத்தில் காயை நகர்த்துவார்கள், அவர் முடிவுகளைத் தொகுத்து அனுப்புவார். அந்த முடிவுகளுக்கு இடையிடையே அவருடைய அரசியலும் போகும். ஒரு காய் நகர்வதற்கு வாரக்கணக்கில் காத்திருக்கிறவன் வேறு என்னதான் பேசுவான்? எங்களுக்கு இருபது நிமிஷம்தான், அதிலேயே இந்தப் பாடு.

2013ல் எச்டி பதிப்பு வந்தபோது, அந்த ஆண்டுக் கடைசியில் முதல் தடவையாக 'இந்தியர்கள்' என்று ஓர் அணி சேர்ந்தது. அதுவரை பிரிட்டன்காரனாகவும் மங்கோலியனாகவும் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் ஓர் ஆட்டம் வரைக்கும் நீடித்தது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை எல்லோரும் ஒரே அணி, பிரதானம் ஒட்டகப் படை, கிராமத்தானைச் சொடுக்கினால் இந்தியில் பதில் சொல்கிறான்.

"விறகு வெட்டறவன்கூட இந்தில பேசறானுங்க தம்பி" என்றார் செந்தில் அண்ணன். "எங்க தாத்தா இதுக்காகவா உள்ள போனாரு? பேரன் ராத்திரி பூரா முழிச்சு இந்திக்காரனுக்கு வயல் போட்டுட்டிருக்கேன்."

மஞ்சு, "எங்களுக்கு மட்டும் என்ன அண்ணா, ஹம்பியில ஒட்டகமா மேய்ஞ்சது?" என்றான்.

இந்தி விஷயத்தில் முத்துவும் செந்தில் அண்ணனும் ஒரே கட்சி. அந்த வருஷங்களில் அவர்கள் இரண்டு பேரையும் பிரிக்கவே முடியாது. ஒருவருக்குப் பஞ்சம் என்றால் இன்னொருவர் கேட்காமலே உணவு அனுப்புவார். அனுப்பும்போது சந்தைக்குக் கமிஷன் முப்பது சதவீதம் போய்விடும் என்பதால் கூடவே சேர்த்து அனுப்புவார். 2017ல் ஜிஎஸ்டி வந்த பிறகு முத்து, "உச்ச வரி இருபத்தெட்டுதான், இவன் அதைவிட ரெண்டு அதிகமா பிடுங்குறான்" என்று டெல்லியையும் கேம் கம்பெனியையும் ஒரே மூச்சில் திட்டுவான்.

காந்தி அணுகுண்டு போட்ட கதையும் இந்தக் காலத்தில்தான். இன்னொரு பழைய ஆட்டமான சிவிலைசேஷனில் காந்தியின் மூர்க்கம் 1 என்று வைத்திருந்தார்களாம், ஜனநாயகத்துக்கு மாறினால் 2 குறையவேண்டுமாம், கம்ப்யூட்டருக்குக் கழித்தல் கணக்கு தடுமாறி அது 255 ஆகிவிட்டதாம், காந்தி எல்லார் மேலும் குண்டு போட்டாராம். இதை வைத்து இரண்டு சனிக்கிழமை ஓட்டினோம். காந்தியையும் பொக்ரானையும் ஜனநாயகத்தையும் ஒரு சேர அலசினோம். 2020ல் அந்த ஆட்டத்தை உருவாக்கிய சித் மெயரே அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று எழுதிவிட்டார். பின்னால் வந்த ஐந்தாம் பாகத்தில் வேண்டுமென்றே, நகைச்சுவைக்காக, காந்திக்கு அணுகுண்டு ஆசையை ஏற்றி வைத்தார்களாம். எங்கள் அலசல் வீண் என்று பிரியா சொன்னாள். அலசல் என்றைக்கு உண்மையை நம்பி நடந்தது என்றான் முத்து. அவனைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

2022 ஏப்ரல் 28. 'டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா' என்று ஒரு விரிவாக்கம் வந்தது. பழைய 'இந்தியர்கள்' அணிக்கு 'இந்துஸ்தானியர்கள்' என்று பெயர் மாற்றிவிட்டு, புதிதாக மூன்று அணிகள் சேர்த்தார்கள். வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள்.

திராவிடர்கள்! சோழன் இல்லை, தமிழர் இல்லை. திராவிடர். தமிழ்நாட்டு அரசியலில் எழுபது எண்பது வருஷமாகக் கொதித்துக்கொண்டிருக்கிற சொல்லை, எந்த ஊரிலோ உட்கார்ந்து ஒரு பட்டியலில் எத்தியோப்பியர்களுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டான் ஒருவன்.

முதல் ஒரு மணி நேரம் வெறும் கொண்டாட்டம். கிராமத்தான் தமிழில் பேசினான். நான் வேலை எதுவும் கொடுக்காமல் அவனைச் சும்மா சொடுக்கிக்கொண்டே இருந்தேன், என் மனைவி எட்டிப் பார்த்து "யாரு அது?" என்றாள். சுருள்வாள் வீரன் உண்டு, ஆட்டத்தில் பெயர் 'உருமி'. உருக்குக்கு ஒரு தனித் தொழில்நுட்பம், ஆங்கிலக்காரன் வாயில் 'வூட்ஸ்' ஆனது. அது தமிழ் 'உருக்கு'விலிருந்து போனதா, கன்னட 'உக்கு'விலிருந்து போனதா என்று முத்துவும் மஞ்சுவும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். பெரிய போர்க்கப்பலுக்குத் 'திரிசடை' என்று பெயர். "விபீஷணன் பொண்ணு பேரு எப்படிக் கப்பலுக்கு வந்தது?" என்றாள் பிரியா. அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்னவள், இங்கே சரமாரியாக அம்பு விட்டுக்கொண்டு போகிறாள்.

அப்புறம் அணியின் சலுகைகளைப் படித்தோம். ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் இலவசம். படைக்கொட்டில் தொழில்நுட்பங்கள் பாதி விலை. மஞ்சு விழுந்து விழுந்து சிரித்தான்.

"இது தான் திராவிட மாடலா அண்ணா? ஏறினா இலவசம், வாங்கினா மானியம்?"

"கலர் டிவி ஒண்ணுதாங்க பாக்கி" என்றார் செந்தில் அண்ணன். அவரால் தன் கட்சியைத் தானே கிண்டலடிக்க முடியும். அடுத்தவன் அடித்தால் பிடிக்காது. எல்லாக் கட்சிக்காரர்களும் அப்படித்தானே. "மிக்சியும் கிரைண்டரும் குடுத்தது அந்தப் பக்கமுங்க, அதையும் கணக்குல வெச்சுக்குங்க."

குதிரைப் படையில் இந்த அணி சோடை. அதற்கும் வாதம். மதுரைப் பாண்டியர்கள் கடல்வழியே வருஷா வருஷம் குதிரை வாங்கியதையும், வளர்க்கத் தெரியாமல் அவை செத்துப்போனதையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். நான் அதைச் சொன்னேன். "அப்ப கேம்காரன் படிச்சுட்டுத்தான் பண்ணிருக்கான்" என்று முத்து ஒப்புக்கொண்டான். "படிச்சவன் எதுக்குத் திராவிடர்னு பேரு வெச்சான்?"

இங்கேதான் ஆரம்பித்தது. முதல் வாரம் கிண்டலாக, இரண்டாம் வாரம் சூடாக.

முத்துவின் கட்சி: கால்டுவெல் 1856ல் ஒரு மொழிக்குடும்பத்துக்கு வைத்த பெயரை ஓர் இனத்துக்கு மாட்டிவிட்டீர்கள். தெலுங்கனும் கன்னடனும் மலையாளியும் தன்னைத் திராவிடன் என்று சொல்லிக்கொள்வதில்லை. நாம் மட்டும் ஏன் நம் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டும்? கங்கைக்கும் கடாரத்துக்கும் படை அனுப்பியவன் இராஜேந்திர சோழன், ஆட்டத்தில் அவன் பெயரிலேயே ஒரு தொடர் வைத்திருக்கிறார்கள், ஆனால் அணியின் பெயரில் தமிழ் இல்லை. செந்தில் அண்ணனின் கட்சி: சோழன் என்று வைத்தால் பாண்டியன் எங்கே போவான், சேரன் எங்கே போவான், ஹம்பிக்காரன் எங்கே போவான்? எல்லாரையும் சேர்த்துக் கூப்பிட ஒரு பெயர் வேண்டும். கால்டுவெல் ஒன்றும் கப்பலில் போகிறபோக்கில் பெயர் வைத்தவர் இல்லை, திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்தவர். மஞ்சுவிடம் கேட்டோம், நீ சொல்லு, உனக்கு இந்தப் பெயர் சம்மதமா? "எனக்குக் கர்நாடகா பேரு வந்தா போதும். வராத வரைக்கும் உங்க வீட்டுத் திண்ணையில படுத்துக்கறேன்" என்றான். இரண்டு கட்சியும் அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டது.

ரிஷி அந்த வாரங்களில் ஆடவே வரவில்லை. வரமுடியவில்லை. மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. எழுத்து வாரியாகப் பகுதி பிரித்துப் பட்டியல் போட்டார்கள், எந்த எழுத்துக்கு எந்த நேரம் கரண்ட் என்று. காஸ் இல்லை, பெட்ரோல் இல்லை, பால்மா இல்லை. எட்டாவது இடத்தில் நாங்கள் கம்ப்யூட்டரையே உட்காரவைத்து ஆடினோம். ஒரு ராத்திரி அவன் போனில் குரல் மட்டும் வந்தான். நாங்கள் திராவிடமா தமிழா என்று முட்டிக்கொண்டிருந்ததை அரை மணி நேரம் கேட்டிருப்பான் போல. அவன் இருப்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

"மச்சான், ராஜேந்திரன் கதை ஒண்டு சொல்லட்டே?" என்றான். "நாங்க ஸ்கூல்ல படிச்ச சரித்திரப் புத்தகம் சிங்களத்தில இருந்து மொழிபெயர்த்தது. 1017ல சோழர் வந்து அஞ்சாம் மகிந்தன பிடிச்சுக்கொண்டு போனவங்கள், அவர் அங்கயே சிறையில செத்தவர், பிறகு விஜயபாகு வந்து சோழர அடிச்சுத் துரத்தினவர். அப்பிடித்தான் இருக்கும். நான் பரீட்சையில ராஜேந்திரனுக்கு எதிராத்தான் எழுதினனான், எண்பத்திரண்டு மார்க்ஸ். வீட்ட வந்து அப்பாவிட்டக் காட்டினா, அவர் ராஜேந்திரன்ட பெருமையைச் சொல்லத் தொடங்கிடுவார். ரெண்டையும் மனசுக்குள்ள வச்சுக்கொண்டுதான் வளந்தனான். உங்களுக்கு ஒரு பேருக்கே இவ்வளவு சண்டையா?"

முத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "போன்ல சார்ஜ் மூண்டு பர்சன்ட்" என்று சொல்லி ரிஷி போய்விட்டான். எப்போதும் ஒரு நல்ல வரியைப் போட்டுவிட்டு ஓடிவிடுவது அவன் வழக்கம்தான். அன்றைக்கு உண்மையிலேயே சார்ஜ் இல்லாமல் இருந்திருக்கலாம்.

இதைக் கேட்டு நாங்கள் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை. பிளாக் ஃபாரஸ்ட் வரைபடம். படம் பூரா காடு, ஒற்றையடிப் பாதை மாதிரி நாலு வழி, அதைச் சுவர் வைத்து அடைத்துவிட்டால் உள்ளே ஒரு மணி நேரம் நிம்மதியாகக் குடும்பம் நடத்தலாம். செந்தில் அண்ணன், முத்து, பிரியா, நான் ஒரு பக்கம். அண்ணன் திராவிடர் எடுத்தார். முத்து எதிர்ப்பைக் காட்டுவதற்காக மங்கோலியர் எடுத்தான். தமிழ்த்தேசியத்துக்காக ஒருவன் செங்கிஸ்கான் ஆனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

லாபியில் ஆரம்பித்த பேச்சு ஆட்டத்துக்குள்ளும் தொடர்ந்தது. அது தப்பு. லாபியில் பேசு, ஆட்டத்தில் வாயை மூடு என்று எங்களுக்கு எழுதாத விதி உண்டு. பன்றி இழுத்துக்கொண்டு வரும்போது கால்டுவெல், வயல் போடும்போது திராவிட நாடு. எல்லோரும் மூன்றாம் யுகத்தில் இருந்தபோது முத்து சொன்னான்: "உங்க தாத்தா எதுக்காக ஜெயிலுக்குப் போனாரோ, அதை வித்துத் தின்னவங்களுக்குத்தான் அண்ணே நீங்க இன்னும் ஓட்டுப் போடுறீங்க."

அண்ணன் பதில் சொல்லவில்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் மைக் அணைந்த குறி வந்தது.

பிளாக் ஃபாரஸ்டில் நேரம் ஆக ஆகத் தரையில் தங்கம் தீர்ந்துவிடும். பிறகு தங்கத்துக்கு ஒரே வழி வியாபாரம். உங்கள் சந்தையிலிருந்து கூட்டாளியின் சந்தைக்கு வண்டி விடவேண்டும், தூரம் கூடினால் லாபம் கூடும். முத்துவின் சந்தை ஒரு மூலை, பிரியாவின் சந்தை எதிர் மூலை, நடுவில் செந்தில் அண்ணன் ஊர். அண்ணன் ஊருக்கு ஒரு கேட். கூட்டாளிகளுக்கு அது தானாகத் திறக்கும். பூட்டிவிட்டால் யாருக்கும் திறக்காது.

ஒன்றரை மணி நேரம் கடந்திருந்தது. முத்துவின் தங்கம் ஏறாமல் நின்றது. என் திரையில் நானும் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே முப்பது நாற்பது வண்டிகள், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, திரும்பி, மறுபடியும் வந்து முட்டி. கல்யாண மண்டப வாசலில் கார்கள் மாட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி.

"அண்ணே, கேட்."

பதில் இல்லை.

"அண்ணே, கேட் லாக் ஆயிருக்கு, திறங்க."

மைக் குறி மறைந்தது. "இது திராவிடர் கேட்டுங்க தம்பி" என்றார் அண்ணன். அவ்வளவு சாந்தமாக. மறுபடி மைக் அணைந்தது.

எதிரணியில் மஞ்சுவுக்கு எங்கள் பேச்சு கேட்காது, ஆனால் வேவுக்காரன் ஒருவனை விட்டுப் பார்த்திருக்கிறான். 11 வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு 11. இன்னொரு 11. பத்து நிமிஷத்தில் அவர்கள் பெரிய கல்லெறி வண்டிகளை வைத்துக் காட்டையே வெட்டி வழி செய்துகொண்டு பக்கவாட்டில் இறங்கினார்கள். முதல் கல் விழுந்தது கேட்டுக்கு வெளியே நின்ற அந்த வண்டிக் கூட்டத்தின் மேல். பிரியா ஒருத்தி மட்டும் இருபது நிமிஷம் தாக்குப்பிடித்தாள். தோற்றபின் யாரும் நல்லா ஆடினீர்கள் என்றுகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு பச்சைப் புள்ளியாக அணைந்தது.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பட்டறையில் வேலை என்று குழுவில் ஒரு செய்தி. முத்து ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்துகொண்டு, "அண்ணன் வரலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. அண்ணனும் இறங்கிவருகிற ஆள் இல்லை. இது சொந்தக்காரச் சண்டையாக இருந்தால் இருபது வருஷம் ஓடியிருக்கும், ஒரு சாவில்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

புதன்கிழமை மத்தியானம் பிரியா குழுவில் ஒரு படம் போட்டாள். அவள் அம்மா வைத்திருக்கும் பழைய தாயுமானவர் பாடல் புத்தகம், ஒரு பக்கம், ஒரு வரிக்கு அடியில் பென்சில் கோடு. தாயுமானவர் திருச்சிக்காரர், விஜயரங்க சொக்கநாத நாயக்கரிடம் வேலை பார்த்தவர், கால்டுவெல்லுக்கு நூறு வருஷத்துக்கும் மேலே முந்தியவர். அந்த வரியில் 'திராவிடம்' என்ற சொல் இருக்கிறது. தமிழ் என்ற பொருளில்.

இரண்டு நிமிஷத்தில் செந்தில் அண்ணன் வந்துவிட்டார். இரண்டு வாரம் காணாமல் போனவர். "பாத்தீங்ளா? கால்டுவெல் வெச்ச பேராமா!" உடனே முத்து: "அண்ணே, அர்த்தம் பாருங்க, திராவிடம்னா தமிழ்னுதானே சொல்றாரு? அதத்தானே நானும் சொல்றேன்?" இருவரும் ஜெயித்துவிட்டார்கள்.

பிரியா எழுதினாள்: "ரெண்டு பேரும் பாட்டை முழுசாப் படிங்க."

படித்தோம். தன்னையே குத்திக்கொள்கிற பாட்டு அது. ஞானம்தான் பெரிது என்று ஒருவர் வந்தால் நான் கர்மம் முக்கியம் என்று நாட்டுவேன், கர்மம் என்று ஒருவர் சொன்னால் ஞானம் முக்கியம் என்பேன். வடமொழி வல்லவன் வந்தால் எல்லாம் தமிழில் இருக்கிறது என்று வாதம் செய்வேன், தமிழறிஞர் வந்தால் கொஞ்சம் வடமொழி எடுத்து விடுவேன். யாரையும் உண்மையில் வெல்லாமல் மிரட்டியே அனுப்பிவிடுகிற இந்த வித்தை எனக்கு முக்தி தருமா என்று கேட்டு முடிகிறது. அதற்கு முன்னால், படிக்காதவர்கள்தான் நல்லவர்கள் என்று ஆரம்பமே.

குழுவில் ரொம்ப நேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு பாளையங்கோட்டைச் சகோதரர்களில் மூத்தவன் வெறும் 11 என்று எழுதினான். முத்து அண்ணனுக்குப் போன் போட்டானாம். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் இதுவரை சொல்லவில்லை. சனிக்கிழமை இருவரும் வந்தார்கள், அண்ணன் ஒரு கட்சி, முத்து ஒரு கட்சி, வாதம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கேட் மட்டும் அதற்கப்புறம் பூட்டியதில்லை. பூட்டுகிற பொத்தானுக்கு வைத்திருந்த ஷார்ட்கட்டையே அழித்துவிட்டதாக அண்ணன் சொன்னார்.

ஜூலை 9ம் ஒரு சனிக்கிழமைதான். மத்தியானத்திலிருந்து எல்லார் போனிலும் ஒரே காட்சி. கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள். நீச்சல் குளத்தில் குதிக்கிறார்கள், கட்டிலில் படுத்துப் பார்க்கிறார்கள், சோபாவில் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு லாபி திறந்தபோது ஏழு பேரும் இருந்தோம். வழக்கமாக இந்த மாதிரி ஒரு நாளில் எங்களை நிறுத்த முடியாது. அன்றைக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. பிரதமரின் வீடு எரிகிறது என்று மஞ்சு ஒரு செய்தி போட்டான், அவ்வளவுதான். ரிஷி காலையிலிருந்து ஆன்லைனில் இல்லை. எட்டாவது இடத்தில் கம்ப்யூட்டரைப் போடலாமா என்று நான் கேட்டேன். "இருங்க" என்றாள் பிரியா.

பத்தே முக்காலுக்கு அவன் பெயர் பச்சையானது.

"கால் நோகுது மச்சான்" என்றான். "வெள்ளவத்தையில இருந்து கோல்ஃபேஸ் வரை நடந்து போய் நடந்து வந்தனான். வாகனம் ஒண்டும் இல்ல."

"உள்ள போனியா?" முத்துதான் கேட்டான்.

"இல்ல. வாசல் வரைக்கும் போனனான். சனம். பெட்ரோலுக்கும் காஸுக்கும் நிண்ட கியூ போதும், இதுக்கும் நிக்கேலாது எண்டு திரும்பிட்டன். என்னோட நம்மட பில்டிங் சிங்கள ஆன்டியும் வந்தவ. அவவும் திரும்பிட்டா, முழங்கால் நோ." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அரசியல் பேசாதிங்கோ இண்டைக்கு. லேப்டாப்பில பாட்டரி இருக்கு. விளையாடுவம்."

அவனே 14 தட்டினான்.

வரைபடம் அரேபியா, திறந்த வெளி. ரிஷி எங்கள் அணி. அரை மணி நேரத்தில் எதிரணிக் குதிரைகள் அவன் வயல்களில் புகுந்து ஆட்களைக் கொன்றுவிட்டன. மூன்று மாதமாக ஆடாதவன், கை வரவில்லை. சாட்டில் ஒரு 3 வந்தது. உணவு கேட்கிற குரல். தலையில் போட்டிருந்த ஹெட்செட்டில் அது என்றைக்கும் இல்லாமல் பெரிதாகக் கேட்டது.

"டேய், இது கேமுக்குத்தான்" என்றான் ரிஷி அவசரமாக.

செந்தில் அண்ணன் 500 அனுப்பினார், கமிஷன் போக 350. முத்து 700 அனுப்பினான். நானும் இருந்ததை அனுப்பினேன். இந்த ஆட்டத்தில் எதிராளிக்குக்கூட அனுப்பலாம். அது யாருக்கும் ஞாபகம் இருந்ததில்லை. எதிரணியிலிருந்து பிரியா 400 அனுப்பினாள். மஞ்சுவிடமிருந்து 300. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு 200, இன்னொரு 200. திரையின் ஓரத்தில் வரிசையாக அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது.

"போதும்டா, போதும்" என்றான் ரிஷி. "சாப்பாட்ட மட்டும் அனுப்பினா எப்பிடி? வயல் போட மரம் வேணும். ஆராவது மரம் அனுப்புங்கோ."